டொரத்தே அத்தை வீட்டு வெள்ளிப் பெட்டி

அந்தக் காலத்து வியன்னா நகரவாசிகள் ‘டொரத்தே அத்தையைப் பார்த்துட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பில் மறைத்த மாதிரி கோட்டுக்குள் எதையோ மறைத்துக் கொண்டு கிளம்பினால், அக்கம்பக்கத்தார் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டார்களாம். அத்தை என்றால் உறவுக்காரி இல்லை. அடகுக் கடை!

நம்மூர் சேட்டுக் கடை போலச் சின்னக் கடை என்று நினைத்து விடாதீர்கள். அரசரே ஆரம்பித்து வைத்த அடகுக் கடை அது. 1707-ஆம் ஆண்டு முதலாம் யோசப் என்ற சக்கரவர்த்தி, ஏழைகள் கந்துவட்டிக்காரர்களிடம் சிக்கிச் சீரழியக் கூடாது என்று இதைத் தொடங்கினார். பிற்பாடு டொரத்தேயா என்ற புனிதவதியின் பெயர் கொண்ட பழைய மடம் இருந்த இடத்துக்குக் கடை மாறியது. அதனால் ‘டொரத்தேயம்’ என்று பெயர் வந்து, ஜனங்கள் வாயில் ‘டொரத்தே அத்தை’ ஆகிவிட்டது. கஷ்டத்துக்குக் கை கொடுப்பவளை அத்தை என்று கூப்பிடுவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வட்டி வாங்குகிற அத்தைதான், இருந்தாலும் அத்தை.

இன்று அது உலகப் பிரசித்தி பெற்ற ஏல நிறுவனம். 2001 வரை அரசாங்கத்தின் கையில் இருந்து, பிறகு தனியாருக்குப் போனது. 1901-ல் கட்டி முடித்த மாளிகை. படிக்கட்டு ஒவ்வொன்றும் நம் வீட்டு முற்றம் அகலம். ஏலத்துக்கு வரும் பொருட்களை முன்கூட்டியே கண்ணாடிப் பெட்டிகளில் பார்வைக்கு வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. வாங்குவதாகப் பாவனை கூடச் செய்ய வேண்டியதில்லை. அங்கேதான் நான் அந்த வெள்ளிப் பெட்டியைப் பார்த்தேன்.

என் தங்கைக்கு வியன்னாவில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா இல்லாத வீடு. பிரசவத்துக்கு நான்தான் போக வேண்டும். விசா 90 நாளைக்கு. முதல் 40 நாள் பத்தியச் சமையலிலேயே போய்விட்டது. பூண்டு, மிளகு, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் இங்கிருந்தே கொண்டு போயிருந்தேன். அங்கே எனக்கு மிகவும் பிடித்துப் போனது குழாய்த் தண்ணீர். ஆல்ப்ஸ் மலைச் சுனைத் தண்ணீரை 1873-லிருந்து குழாய் போட்டு நகரத்துக்குக் கொண்டு வருகிறார்கள். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். அந்தத் தண்ணீரில் வைத்த ரசத்தின் ருசியை என்னவென்று சொல்ல! சரி, ரசம் புராணம் போதும்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆன பிறகு, தங்கை, ‘‘அக்கா, சமையலறையையே பார்த்துட்டு ஊருக்குப் போனா மாமா என்னைத்தான் திட்டுவார்’’ என்று தள்ளுவண்டியில் குழந்தையைப் போட்டுக் கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த ஊரில் கைக்குழந்தையோடு வெளியே போவது ஒரு பெரிய காரியமே இல்லை. டிராமில் தள்ளுவண்டி நிறுத்தத் தனி இடம். யாராவது ஒருவர் வண்டியின் முன் சக்கரத்தைத் தூக்கி ஏற்றிவிட்டு, நன்றிக்குக் காத்திராமல் போய்க் கொண்டே இருப்பார்.

முதலில் போனது கலை வரலாற்று அருங்காட்சியகம். 1891-ல் திறந்த அரண்மனை போன்ற கட்டடம். அங்கே பார்க்க ஆயிரம் இருந்தாலும், என்னைப் பிடித்து நிறுத்தியது ஓர் உப்புச் சாடிதான். ஆமாம், சாப்பாட்டு மேஜையில் வைக்கிற உப்புச் சாடி! செல்லினி என்ற இத்தாலியப் பொற்கொல்லர் 1540-க்கும் 1543-க்கும் நடுவில் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்காகச் செய்தது. தங்கத் தகட்டை அடித்து உருவாக்கி, மேலே எனாமல் வண்ணம் பூசியிருக்கிறார். கடல் தேவன் ஒருபுறம் சூலாயுதத்தோடு சாய்ந்திருக்கிறான். எதிரே பூமாதேவி. கடல் தேவன் பக்கத்தில் ஒரு படகு, அதில் உப்பு. பூமாதேவி பக்கத்தில் ஒரு குட்டிக் கோயில், அதில் மிளகு. உப்பு கடலில் விளைகிறது, மிளகு மண்ணில் விளைகிறது, அதுதான் கணக்கு. அந்த நாளில் மிளகு நம் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப் போன விலை உயர்ந்த சரக்கு. அதனால் அதற்குக் கோயிலே கட்டிவிட்டார் போலிருக்கிறது.

இந்தச் சாடி 2003-ஆம் வருடம் மே மாதம் திருட்டுப் போயிற்று. சுவருக்கு வெளியே சாரம் கட்டியிருந்தார்களாம். அதில் ஏறி ஜன்னல் வழியே வந்து தூக்கிப் போய்விட்டான் ஒருவன். அவன் தொழில் என்ன தெரியுமா? திருட்டு எச்சரிக்கை மணி பொருத்துவது! 2006 ஜனவரியில், சுவெட்டில் என்ற ஊருக்கு அருகே காட்டில் பெட்டிக்குள் வைத்துப் புதைத்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். போன பொருள் திரும்பி வந்த கதை. அது தங்கச் சாடி, ராஜா வீட்டுச் சாடி, உலகமே தேடியது. எல்லாப் பொருளையும் அப்படித் தேடுகிறார்களா என்ன?

இரண்டு நாள் கழித்து டொரத்தே அத்தை வீட்டுக்குப் போனோம். நகரின் நட்டநடுவில், ஸ்டெஃபான் தேவாலயத்திலிருந்து பொடி நடையாகப் போகும் தூரத்தில், கிராபென் என்ற கடைத்தெருவிலிருந்து பிரிகிறது டொரத்தேயர் தெரு. இரண்டாவது மாடியோ மூன்றாவது மாடியோ, வெள்ளிச் சாமான்கள் பரப்பியிருந்த கூடம் ஒன்று. டீ கெட்டில்கள், மெழுகுவர்த்தித் தண்டுகள், டஜன் டஜனாக ஸ்பூன்கள். அவற்றின் நடுவே உள்ளங்கை நீளத்தில் அந்தப் பெட்டி.

சிகரெட் பெட்டிதான் அது. மூடி முழுக்க எனாமல் ஓவியம். பச்சைப் புல்வெளியில் ஒரு பெண் குனிந்து வெள்ளைப் பூ ஒன்றைப் பறிக்கக் கை நீட்டுகிறாள். அவள் காலடியில் நிலம் பிளந்து, கறுப்புக் குதிரைகள் பூட்டிய ரதம் மேலே வருகிறது. அவளுக்கு அது இன்னும் தெரியாது. மூலையில், மலைக்கு அப்பால், கடுகளவு உருவமாக நீலப் புடவை மாதிரி உடுத்திய இன்னொருத்தி. அவள் அம்மா.

கதை கிரேக்கர்களுடையது. டிமீட்டர் என்பவள் தானிய தேவதை. பயிர் பச்சைக்கெல்லாம் தாய். அவள் ஒரே மகள் பெர்ஸிஃபோனி. பாதாள ராஜாவான ஹேடீஸ் அந்தப் பெண்ணைத் தூக்கிக் கொண்டு போகிறான். பெண்ணின் தகப்பனாரான ஸீயஸ் இதற்கு முன்னமேயே சம்மதம் கொடுத்துவிட்டாராம். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! (எந்தத் தேசத்துப் புராணமானாலும் இந்த இடம் மட்டும் மாறுவதில்லை.) டிமீட்டர் அன்ன ஆகாரம் இல்லாமல் ஒன்பது நாள் தீவட்டியோடு பெண்ணைத் தேடி அலைகிறாள். பிறகு ஒரு கிழவி வேஷத்தில் எலியூசிஸ் என்ற ஊருக்குப் போய், ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் வேலைக்கு அமர்கிறாள். பெண்ணைப் பறிகொடுத்தவள் ஊரார் குழந்தையை வளர்க்கிறாள். அந்தக் குழந்தையைச் சாகாவரம் பெற்றவனாக்க வேண்டும் என்று ராத்திரியில் யாரும் அறியாமல் நெருப்பில் வைத்து எடுப்பாளாம். பெற்றவள் பார்த்து அலறிவிட, காரியம் கெட்டுப் போகிறது. பெற்றவளை எப்படிக் குறை சொல்வது? நானாயிருந்தாலும் அலறியிருப்பேன்.

கோபம் கொண்ட டிமீட்டர் விதை முளைக்க விடவில்லை. உலகம் பட்டினி. வேறு வழியின்றிப் பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். புறப்படும்போது ஹேடீஸ் தந்திரமாக ஒரு மாதுளை முத்தைச் சாப்பிடக் கொடுத்துவிடுகிறான். பாதாளத்தில் எதையாவது சாப்பிட்டவர்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசியில் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு புருஷன் வீடு, மீதி அம்மா வீடு என்று முடிவாகிறது. பெண் வரும்போது பூமி பூக்கிறது, போனதும் குளிர்காலம். நான் இதைச் சொல்லிக் கொண்டிருக்கையில் தங்கை, ‘‘அட, அவளுக்காவது எட்டு மாசம் பிறந்த வீடு! எனக்கு வருஷத்துக்கு மூணு வாரம்’’ என்றாள். சிரித்துக் கொண்டுதான் சொன்னாள்.

அந்தப் பெட்டியை எங்கே செய்தார்கள் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? முத்திரைதான் சொல்லும். அங்கிருந்த பெண்மணி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வெள்ளை உறை மாட்டிய கையால் அதை எடுத்துத் திருப்பி, ஒரு பூதக்கண்ணாடியும் கொடுத்தார். நாங்கள் வாங்குகிற ஜாதி இல்லை என்பது எங்கள் தள்ளுவண்டியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இருந்தும் முகம் சுளிக்கவில்லை. விளிம்பில் கடுகளவில் ஒரு பெண் தலை. வேட்டைத் தேவதை டயானா! 1867-லிருந்து 1922 வரை ஆஸ்திரியா ஹங்கேரி வெள்ளிக்கு இதுதான் அரசாங்க முத்திரை. தலையோடு 3 என்ற எண் இருந்தால் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. A என்ற எழுத்து இருந்தால் வியன்னாவில் சோதித்தது. பிரான்சில் 1838-லிருந்து மினர்வா தேவதையின் தலை. இங்கிலாந்தில் நடக்கிற சிங்கம், அது 925 பங்கு. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ஜெர்மனியில் 1888-லிருந்து பிறையும் கிரீடமும். ஆக, ஓவியத்தில் மட்டுமில்லை, தர முத்திரையிலும் பழைய தேவதைகளே காவல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் ராட்ஸர்ஸ்டார்ஃபர், போம் போன்ற வெள்ளிப் பட்டறைக்காரர்கள் செல்லினி காலத்து வேலைப்பாட்டைப் பார்த்து, அதே பாணியில் தட்டு, பெட்டி, கூஜா என்று செய்து தள்ளினார்கள். எல்லாவற்றிலும் கிரேக்கப் புராணக் காட்சிகள். பாதிப் படங்களில் உடம்பில் ஒட்டுத் துணி இருக்காது. தேவதை என்று பெயர் வைத்துவிட்டால் வரவேற்பறையில் பெரியவர்கள் எதிரில் கூட நீட்டலாம் அல்லவா, அந்தச் சாமர்த்தியம்!

எனாமல் என்பது சாயமில்லை, கண்ணாடி. கண்ணாடியை மாவாக அரைத்து, உலோக ஆக்ஸைடுகளைச் சேர்க்கிறார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம், தாமிரம் சேர்த்தால் பச்சை, தங்கம் சேர்த்தால் மாதுளைச் சிவப்பு, வெள்ளீயம் சேர்த்தால் பால் வெள்ளை. உலோகத் தகட்டின் மேல் முதலில் வெள்ளை பூசி உலையில் வைத்து எடுப்பார்கள். அதன் மேல் மயிர் போன்ற தூரிகையால் ஒரு வண்ணம், மறுபடி உலை. அடுத்த வண்ணம், மறுபடி உலை. சூடு சுமார் 800 டிகிரி. வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும், ஆகவே அதற்குள் வேலை முடிய வேண்டும். ஒரு சூடு கூடினாலும் அதுவரை செய்த முகம், கண், மூக்கு எல்லாம் வழிந்து போகும். தகடு வளைந்து கொள்ளாமல் இருக்க, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்துக்கும் எனாமல் பூசுவார்கள். நம் ஜெய்ப்பூர் மீனாகாரி நகைகளும் இதே கண்ணாடி வித்தைதான். உங்களிடம் மீனாகாரித் தோடோ, எனாமல் வைத்த குங்குமச் சிமிழோ இருந்தால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் விபூதியும் அதற்கு வேண்டாம். புளிப்பு கண்ணாடியின் மினுமினுப்பைக் கெடுக்கும், விபூதி கீறும். கொதிநீரிலும் போடாதீர்கள், சட்டென்று சூடு மாறினால் விரிசல் விடும். மெல்லிய ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, மற்ற நகைகளோடு உரசாமல் தனியே பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். ஒரு முறை சில்லு பெயர்ந்தால் வீட்டில் ஒட்ட முடியாது.

பெண்மணி பெட்டியைத் திறந்து காட்டினார். உட்புறம் தங்க முலாம். மூடியின் உள்ளே ஓர் இடம் மட்டும் லேசாகக் குழிந்து, சாய்த்துப் பார்த்தால் வேறு மாதிரி மின்னியது. ‘‘இங்கே யாருடைய பெயரோ வெட்டியிருந்திருக்கிறார்கள், பிறகு தேய்த்து எடுத்துவிட்டார்கள்’’ என்று அவர் சொன்னதைத் தங்கை எனக்குத் தமிழில் சொன்னாள்.

நம் வீட்டில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அது போல. அதைத் தேய்ப்பதென்றால்?

விற்றவர் தேய்த்திருக்கலாம், வாங்கியவர் தேய்த்திருக்கலாம். தாத்தா பெயர் வேண்டாம் என்று பேரனே தேய்த்திருக்கலாம். ஆனால் அந்த ஊரில், அந்தத் தெருவில் நின்று கொண்டு இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிக் கொண்டது. 1939 தொடக்கத்தில் ஒரு சட்டம்: யூதர்கள் தங்களிடமுள்ள தங்கம், வெள்ளி, ரத்தினம், முத்து எல்லாவற்றையும் கொண்டு வந்து ஒப்படைத்துவிட வேண்டும். கல்யாண மோதிரம், வெள்ளிக் கைக்கடிகாரம், ஆளுக்கு இரண்டு செட் சாப்பாட்டுக் கரண்டி போன்ற சிலவற்றை மட்டும் வைத்துக் கொள்ளலாம். வியன்னாவில் அவற்றை வாங்கிக் கொள்ளும் இடமாக நியமிக்கப்பட்டது இதே டொரத்தேயம்தான். கொடுத்த காசு அடிமாட்டு விலை. எத்தனையோ பொருட்கள் உருக்கப்பட்டுவிட்டன. கஷ்டத்துக்குக் கை கொடுத்த அத்தை வீட்டு வாசலிலேயே ஜனங்கள் வரிசையில் நின்று, பாட்டி கொடுத்த மெழுகுவர்த்தித் தண்டையும், குழந்தை பிறந்ததற்கு வந்த வெள்ளி டம்ளரையும் நீட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள்.

1998-ல் ஆஸ்திரிய அரசு, தன் அருங்காட்சியகங்களில் அப்படி வந்து சேர்ந்த கலைப் பொருட்களை உரியவர்களின் வாரிசுகளிடம் திருப்பித் தரச் சட்டம் செய்தது. பெரிய ஓவியங்கள் திரும்பிப் போயின. ஓவியத்துக்குப் பெயர் உண்டு, போட்டோ உண்டு. கரண்டிக்கும் டப்பாவுக்கும் என்ன உண்டு? வெட்டிய இரண்டு எழுத்துதானே அடையாளம்?

நான் பேசாமல் நின்றதைப் பார்த்துத் தங்கை, ‘‘என்னக்கா?’’ என்றாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். எங்கள் அம்மாவிடம் ஒரு வெள்ளி வெற்றிலைப் பெட்டி இருந்தது. கும்பகோணத்தில் செய்தது, அம்மாவின் பாட்டி வீட்டுச் சீர். மூடியின் உள்ளே ‘க.மீ.’ என்று வெட்டியிருக்கும். 1993-ல் அப்பா மஞ்சள் காமாலையில் மூன்று மாதம் படுத்துவிட்டார். நான் ஒன்பதாவது படித்துக் கொண்டிருந்தேன். அவளுக்கு ஐந்து வயது. பெட்டி அடகுக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கியும் போனது. அம்மா தவணை நாளுக்கு இரண்டு நாள் கழித்துப் பணத்தைப் புரட்டிக் கொண்டு போய் நின்றபோது, கடைக்காரர், ‘‘அது உருக்கியாச்சேம்மா’’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மா, ‘‘வெள்ளிதானே, போனா போகட்டும்’’ என்றாள். அதற்கப்புறம் பிஸ்கட் டின்னில்தான் வெற்றிலை. அம்மா சாகும் வரைக்கும் அதே டின்.

‘‘எனக்கு அந்த டின்தான் ஞாபகம் இருக்கு. பெட்டி இருந்ததே தெரியாது’’ என்றாள் தங்கை.

எங்கள் கதையையும் அந்த ஜனங்களின் கதையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். எங்களுடையது கடன். வாங்கினோம், கட்ட முடியவில்லை, போயிற்று. உயிரோடு இருந்தோம், நான் பிளஸ் டூ வரை படித்தேன். அவர்களுடையது கடனில்லை. ஆனால் மூடிக்குள் தேய்ந்த இடத்தை விரலால் தடவிய போது எனக்கு அம்மாவின் எழுத்துதான் நினைவு வந்தது, அதற்கு என்ன செய்ய?

பெண்மணிக்கு நன்றி சொல்லிக் கீழே இறங்கினோம். டொரத்தேயம் 17-ஆம் எண். அதே தெருவில் 11-ஆம் எண்ணில் யூத அருங்காட்சியகம். சனிக்கிழமை விடுமுறை, நாங்கள் போனது வியாழன். 1938 நவம்பரில் ஒரே இரவிலும் பகலிலுமாக வியன்னாவின் தொழுகைக் கூடங்களைக் கொளுத்தி இடித்தார்கள். பிழைத்தது ஒன்றே ஒன்று. தப்பிய பூஜைப் பொருட்களை இங்கே மேல் மாடியில், கிடங்கு மாதிரியே, அலமாரி அலமாரியாகக் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக் கிரீடங்கள், மணிகள், கிண்ணங்கள். ஒரு தட்டில் சிறு சிறு வெள்ளிக் கோபுரங்கள். உச்சியில் கொடி, நடுவில் குட்டிக் கதவு. என்னவென்று கேட்டால், வாசனைப் பெட்டியாம். சனிக்கிழமை ஓய்வு நாள் முடிந்து பொழுது சாயும்போது வீட்டில் எல்லோரும் ஒன்றுகூடி, அதற்குள் கிராம்பு, பட்டை போட்டு ஆளுக்கு ஆள் கை மாற்றி முகர்ந்து பார்ப்பார்களாம். வாரம் நன்றாகத் தொடங்க வேண்டும் என்று.

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு அந்தக் கோபுரங்களையே வெகுநேரம் பார்த்தாள்.

‘‘அக்கா, அம்மா மடியில படுத்தா கிராம்பு வாசனை வருமே, அது டின்லேர்ந்து வந்ததில்லையே? டின் துரு வாடைதானே அடிக்கும்?’’ என்றாள்.

பெட்டியில் ஓரத்தில் கிராம்புக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. குழந்தை சிணுங்கியது. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவள் பால் கொடுக்க, நான் அந்தப் பெட்டியில் எது எது எங்கே இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன்: இந்தப் பக்கம் பாக்கு, நடுவில் சுண்ணாம்புக் கரண்டகம், இந்த மூலையில் ஏலக்காயும் கிராம்பும்.